ஒரு முறம் தவிடு

கண்டி, கட்டுக்கலை
1879 பெப்ரவரி 9

அன்பும் மதிப்புமுள்ள ஹலீம் நானாவுக்கு, தங்கச்சி றம்லத் ஸலாம் சொல்லி எழுதுவது.

இங்கே நானும் என்ட கோப்பி முற்றமும் பசுமாடும் சுகம். கம்பளையில நீங்களும் மதினியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன். நீங்க எனக்காகக் கேட்கிறீங்களோ தெரியாது. கேட்கிற ஆளாக இருந்தால் நோன்புக்குப் பிறகு ஒரு கடிதமாவது வந்திருக்கும்.

என்ட மாப்பிள்ள முஹைதீன் மவுத்தானதோட முற்றத்தை மூடிப்போட்டு கம்பளைக்கு வா, மதினிக்கு ஒத்தாசையாக இரு எண்டு சொன்னீங்க. மதினிக்கு என்னோட ஒரு கிழமை தாங்காது, அது உங்களுக்கும் தெரியும். முற்றம் நல்லா நடக்குது. தோட்டங்களிலிருந்து இறங்குற கோப்பியைக் காயப்போட்டு, கறுத்த கொட்டை, உடைஞ்ச கொட்டை, பூச்சி தின்னது எல்லாம் பொறுக்கித் தள்ளி, நல்லதைச் சாக்கில கட்டி ரயிலுக்கு அனுப்புறோம். பொறுக்குறது முழுக்கப் பொம்பிளைகள். கோப்பி இலையில நோய் விழுந்து தோட்டத்தில பேர் வெட்டுப்பட்டு வேலை போனவங்க, புருஷன் இல்லாதவங்க.

பெரிய கோப்பி ஸ்டோருகளில பிள்ளையை வாசலுக்குள்ளே விடமாட்டாங்க. பெத்தவள் ஒண்டில் பிள்ளையை யார்ட்டயாவது தள்ளிவிடணும், இல்லாட்டி வேலையை விடணும். பொழுதுபட வெளியே வரும்போது கொட்டை திருடினாளா எண்டு சேலையை உதறிக் காட்டச் சொல்லுவாங்க. என்ட முற்றத்தில பிள்ளை தாய்க்குப் பக்கத்தில சாக்கில படுத்துக் கிடக்கும். ஒருத்தியின்ட சேலையையும் ஒருத்தனும் தொடமாட்டான். கூலியை அவளவள் கையில நானே வைப்பேன். பிள்ளைகளுக்கு எங்கட பசுவின்ட பால். அந்தப் பசுவுக்குத் தவிடு முடிஞ்சு போச்சு. உங்கட கடையில கிடக்கிறதில ஒரு மூட்டை அனுப்புங்க. அரிசிக்கடைக்காரர்ட தங்கச்சி தவிட்டுக்கு ஊர் சுத்துறா எண்டு பேச்சு வரப்போகுது.

இப்போ காரியத்துக்கு வாறேன். அங்கம்மா எண்டு ஒருத்தி வந்து சேர்ந்திருக்கிறா. உங்கட கடைக்கு மேலே மலையில இருக்கிற தோட்டத்து ஆள், பழனியாண்டிக் கங்காணியின்ட கூட்டம். புருஷன் இருளப்பன் போன வருஷம் காய்ச்சலில போயிட்டான். அவளுக்குப் பிறந்ததெல்லாம் செத்துச் செத்துப் போக, கடைசியாப் பிறந்த பெண்ணைக் குப்பைமேட்டில போட்டு, கங்காணி பெஞ்சாதி பாலம்மா ஒரு முறம் தவிட்டை அங்கம்மாட மடியில கொட்டி விலைக்கு வாங்கியிருக்கிறா. "இது எம் புள்ள, எனக்கு வளத்துக் குடு" எண்டு சொல்லி, திரும்பப் பெத்தவள் கையிலேயே குடுக்கிறது. யாரும் வேண்டாத பிள்ளை எண்டு எமன் விட்டிட்டுப் போயிடுவானாம். பெயரே தவுட்டாயி. எல்லாருக்கும் தவுடு.

கேளுங்க இன்னும். அந்தப் பிள்ளை பெத்தவளை அக்கா எண்டுதான் கூப்பிடுமாம். அம்மா எண்டு வாய் திறந்தால் எமனுக்கு விசயம் தெரிஞ்சு பிள்ளையைக் கொண்டுபோயிடுவான் எண்டு சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறா. நான் சிரிச்சேன். அங்கம்மா சிரிக்கல்ல.

வேலை தேடி இறங்கும்போது பிள்ளையைப் பாலம்மாட்ட விட்டிட்டு வந்திருக்கிறா. இப்போ வேலை இருக்கு, படுக்க இடம் இருக்கு. பிள்ளைக்கு எண்டு ஒரு சாக்கை மடிச்சுப் பக்கத்தில போட்டு வச்சுக்கொண்டு பொறுக்குறா. கங்காணி உங்கட கடையில அரிசி எடுக்கிறவர்தானே. ஒரு வார்த்தை சொல்லி, பிள்ளையை எங்கட வண்டியில ஏத்தி விடுங்க.

உங்கட தங்கச்சி
றம்லத்


கம்பளை
1879 மார்ச் 2

பாசமுள்ள தங்கச்சி றம்லத்துக்கு, நானா ஹலீம் ஸலாம்.

கடிதம் கிடைச்சது. வாசிச்சு மதினி ரெண்டு நேரம் என்னோட பேசல்ல. அவவுக்கு உன்னோட ஒரு கிழமை தாங்காது எண்டு எழுதினால் அதை நான் எங்கே ஒளிக்கிறது? இங்கே எல்லாரும் சுகம். எனக்குத்தான் முழங்கால் நோவு. மலை ஏற இறங்க நான் படுற பாட்டை ஒருத்தரும் கேக்கிறதில்ல.

கோப்பி பொறுக்குறவளிட சேலையைப் பார்க்காமல் அனுப்புறாய், பிள்ளைகளுக்குப் பால் ஊத்துறாய். முஹைதீன் மச்சான் உயிரோட இருந்தால் தலையில கை வச்சிருப்பார். சரி, உன்ட முற்றம், உன்ட இஷ்டம்.

நீ சொன்ன விசயமா மலைக்கு, தோட்டத்து ஆக்கள் இருக்கிற லயத்துக்குப் போனேன். கங்காணி இல்ல, பாலம்மாதான் இருந்தா. பிள்ளை வாசல் கூட்டிக்கொண்டிருந்திச்சு. ஏழு வயசிருக்கும், மெலிஞ்ச பிள்ளை, கண்ணு மட்டும் பெரிசு. தண்ணி அள்ளுறது, கோழிக்கூடு கழுவுறது, பாலம்மாட காலை அமத்துறது எல்லாம் அதுதான். உன்ட தாய் கூட்டி வரச் சொன்னா எண்டு நான் சொல்ல, பிள்ளை விளக்குமாத்தைப் போட்டிட்டு வந்து என்ட கையைப் பிடிச்சிச்சு. பாலம்மா எழும்பி வந்து கையை இழுத்துப் பிரிச்சா. "மொதலாளி, இது நான் தவுட்டுக்கு வாங்குன புள்ள. லயமே பாத்துச்சு. அவ எனக்கு வளத்துக் குடுத்தா, அம்புட்டுதான். வளத்த கூலி வேணும்னா வந்து வாங்கிக்கிரச் சொல்லுங்க" எண்டா. பகிடி பண்ணுறா எண்டு நினைச்சு நான் சிரிச்சேன். முகத்தைப் பார்த்தால் பகிடி இல்ல. அவவுக்கும் வயித்தில பிள்ளை தங்கல்ல, தெரியும்தானே.

இதில வேடிக்கை என்ன தெரியுமா? அந்தத் தவிடே என்ட கடைத் தவிடு. இருளப்பன் வந்து, "மொதலாளி, எமன ஏமாத்தணும், ஒரு மொறம் தவுடு குடுங்க" எண்டு கேட்டான். பாலம்மாவும் கூட நிண்டு சிரிச்சா. நான் சும்மா அள்ளிக் குடுத்தேன்.

மாட்டுக்குத் தவிடு அடுத்த வண்டியில அனுப்புறேன்.

உன்ட நானா
ஹலீம்


கண்டி
1879 ஏப்ரல் 6

அன்புள்ள நானாவுக்கு, றம்லத் ஸலாம்.

உங்கட கடிதத்தை அங்கம்மாவுக்கு வாசிச்சேன். கோழிக்கூடு எண்ட இடத்தில அவள் கையை நிறுத்தினா. மறுபடி பொறுக்கத் தொடங்கினா, நல்ல கொட்டையும் கெட்ட கொட்டையும் ஒண்டாகப் போட்டா. அடுத்த நாள் விடிய நடந்து மலைக்கே போயிட்டா. கங்காணி ஆள் விட்டு, லயத்துக்கு வெளியிலேயே வச்சுத் துரத்தியிருக்கிறாங்க. பிள்ளை தூரத்தில நிண்டு "அக்கா, அக்கா" எண்டு கத்திச்சாம். திரும்பி வந்து எனக்கு அதைச் சொல்லிப்போட்டு முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திட்டா.

கோடு கச்சேரி எல்லாம் எனக்குப் பழக்கமில்ல. எண்டாலும் போனேன். கோட்டில பேசுற பிரக்கிராசி ஒருத்தரைப் பிடிச்சு வழக்குப் போட்டிருக்கிறேன். ஜூன் மாசம் 12, வியாழக்கிழமை தவணை. பிள்ளையையும் கொண்டுவரச் சொல்லிக் கட்டளை போயிருக்கு. பிரக்கிராசி சொல்றார், கோட்டுத் துரைக்கு எங்கட ஆக்கள்ட விளையாட்டுச் சடங்கு விளங்காது, வித்தாள் எண்டு மற்ற பக்கம் சொன்னால் வித்தாள் எண்டுதான் எழுதுவார், விட்டிட்டுப் போனவள் எண்டு வேற சொல்லுவாங்க. லயத்து ஆக்கள் கங்காணிக்குப் பயந்து வாய் திறக்கமாட்டாங்க. அது வெறும் சடங்கு எண்டு தெரிஞ்ச, துரை நம்பக்கூடிய ஒரு பெரிய மனுசன் வந்து சொல்லணும்.

நீங்கதான் நானா அந்த மனுசன். தவிடு அள்ளிக் குடுத்தது நீங்க. எமனை ஏமாத்தத்தான் எண்டு இருளப்பன் சொன்னதையும், பாலம்மா சிரிச்சதையும் கேட்டது நீங்க. நீங்க எனக்கு எழுதினதையே துரைக்கு முன்னால சொன்னால் போதும்.

தவிடு வரல்ல. அது பரவாயில்ல, நீங்க வாங்க.

உங்கட தங்கச்சி
றம்லத்


கம்பளை
1879 மே 18

பாசமுள்ள தங்கச்சிக்கு நானா எழுதுவது.

உன்ட கடிதத்தைத் திருப்பித் திருப்பி வாசிச்சேன். பொம்பிளை தனியா பிரக்கிராசி வீட்டு வாசல் ஏறினாய் எண்டதை வாப்பா கேட்டால் கபுரிலேயே புரளுவார். ஆனாலும் நீ சின்ன வயசிலயும் இப்பிடித்தான். அடிபட்ட பூனையைத் தூக்கிக்கொண்டு வந்து உம்மாட பாயில படுக்கப்போட்டது நினைவிருக்கா?

பழனியாண்டிக் கங்காணி போன கிழமை கடைக்கு வந்தார். நல்ல மனுசன், குரலை உயர்த்தல்ல. கதிரையில இருந்து, நான் குடுத்த கோப்பியைக் குடிச்சிட்டு, "மொதலாளி, பொம்பளைங்க சண்டையில நம்ம ரெண்டு பேரும் ஏன் மொகம் கோணணும்" எண்டார். அவ்வளவுதான். அவர்ட கூட்டம் மட்டும் இல்ல, அவர்ட சொந்தக்காரக் கங்காணிமார் எல்லாரும் என்ட கடையிலதான் அரிசி எடுக்கிறாங்க. இதை உனக்கு ஏன் எழுதுறேன் எண்டால், நானா சும்மா வரல்ல, எதைத் தூக்கி வச்சிட்டு வாறார் எண்டு நீ தெரிஞ்சுகொள்ளத்தான்.

வல்லாஹி, வாறேன். என்ட ஒரே தங்கச்சி கேட்டு நான் இல்லை எண்டு சொன்னதில்ல. வியாழன் விடிய அங்கே நிப்பேன். அங்கம்மாவைத் தைரியமா இருக்கச் சொல்லு. வந்து உன்ட கையால ஒரு புரியாணி தின்னணும்.

உன்ட நானா
ஹலீம்


கம்பளை
1879 ஜூன் 13

தங்கச்சிக்கு,

அவசரமா எழுதுறேன். மகாவலி பெருகி ரோட்டு மேல ஏறிட்டுது. நேற்று வண்டி கட்டி ரெண்டு கட்டை தூரம் போய்ப் பார்த்தேன், மாடு தண்ணியில இறங்க மறுத்திட்டுது. முழங்காலும் வீங்கிப் போச்சு. அல்லாஹ் நாடல்ல, என்ன செய்ய? காரியம் நல்லபடியா முடிஞ்சிருக்கும் எண்டு மனசு சொல்லுது. மதினி உனக்கு மாசிச் சம்பல் அனுப்பியிருக்கிறா, காரம் கூட.

ஹலீம்


கண்டி
1879 ஜூன் 22

அன்புள்ள நானாவுக்கு, றம்லத் ஸலாம்.

சம்பல் கிடைச்சது. மதினிக்குச் சொல்லுங்க.

நடந்ததை எழுதுறேன், நீங்க கட்டாயம் தெரிஞ்சுகொள்ளணும். விடிய முந்தியே நாங்க கோட்டு வாசலில நிண்டோம். அங்கம்மா குளிச்சு, நான் குடுத்த சேலையைக் கட்டியிருந்தா. மழையோட கங்காணி வண்டி வந்திச்சு. எங்கே தங்கி வந்தாங்களோ தெரியாது. பிள்ளைக்குப் புதுப் பாவாடை, தலை நிறையப் பூ. ஓடி வந்து அங்கம்மாட இடுப்பைக் கட்டிக்கொண்டு "அக்கா" எண்டிச்சு.

நான்தான் நானா, குந்தி உட்கார்ந்து அதிட முகத்தைப் பிடிச்சுச் சொன்னேன். "மகளே, உள்ளே துரை கேப்பார். இண்டைக்கு மட்டும் அம்மா எண்டு கூப்பிடு. ஒண்டும் ஆகாது, நாச்சியா நான் சொல்றேன்." பிள்ளை அங்கம்மாவைப் பார்த்திச்சு. கூப்பிடு எண்டு அவள் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவளுக்கு வாய் வரல்ல. நாலு பிள்ளையை மண்ணுக்குள்ளே வச்சவள்.

உள்ளே நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், நீங்க இப்போ வருவீங்க, இப்போ வருவீங்க எண்டு. பிரக்கிராசி ரெண்டு முறை நேரம் கேட்டார். பாலம்மா தவிட்டுக்கு வாங்கினதாகச் சத்தியம் பண்ணினா. அவ சொன்னது பொய்யும் இல்ல. சடங்கு எண்டு எங்கட பிரக்கிராசி சொன்னதுக்கு, துவிபாஷி என்னத்தை மொழிபெயர்த்தாரோ, துரை சிரிச்சிட்டு எழுதினார். அங்கம்மாவிடம் "பிள்ளைக்காகத் தவிடு வாங்கினாயா, இல்லையா?" எண்டு கேட்டாங்க. "வாங்குனேன் சாமி, ஆனா" எண்டா. ஆனாவுக்குப் பிறகு சொன்னதை யாரும் எழுதல்ல.

கடைசியாப் பிள்ளையை நிறுத்தி, உன்ட அம்மா யார் எண்டு கேட்டாங்க. அது கையால பாலம்மாவைக் காட்டிச்சு. அப்போ அந்தப் பொம்பிளை யார் எண்டு கேட்டாங்க. "அக்கா" எண்டிச்சு. சொல்லிப்போட்டு அங்கம்மாவைப் பார்த்துச் சிரிச்சுது நானா, தாயைக் காப்பாத்திப்போட்டேன் எண்ட மாதிரி.

பிள்ளை கங்காணி வீட்டிலேயே இருக்கட்டும் எண்டு தீர்ப்பு. வண்டியில ஏத்தும்போதுதான் அதுக்கு விளங்கிச்சு. வண்டிக் கம்பைப் பிடிச்சுக்கொண்டு "அம்மா" எண்டு கூப்பிட்டிச்சு. பெத்தவளை அப்பிடிக் கூப்பிட்டது அது பிறந்து முதல் முறை. பாலம்மா திரும்பி, "என்னடி கண்ணு" எண்டு அதிட தலையைத் தடவினா. அங்கம்மா மழையில நிண்டு ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு, "சொல்லாதடி, சொல்லாத" எண்டு கத்தினா. வண்டி போற வரைக்கும் அதைத்தான் கத்தினா.

ஒரு விசயம். அண்டைக்குப் பின்னேரம் மதினியின்ட தம்பி மக்கீன் இங்கே வந்தார். ரோட்டிலதான் தண்ணி, காலை ரயில் நேரத்துக்கு வந்து சேர்ந்தது எண்டார். அதிலதான் அவர் வந்தாராம். உங்களுக்குக் காய்ச்சலாக இருந்திருக்கும், என்னைப் பயப்படுத்தக்கூடாது எண்டு ரோட்டைச் சொல்லியிருப்பீங்க. நான் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் முடியல்ல எண்டு பிரக்கிராசி சொல்றார். நீங்க வந்து சொன்னால் மறுபடி கேட்கலாமாம். ரயிலில வாங்க நானா. நான் ஸ்டேசனுக்கு வாறேன். அங்கம்மா சாக்கை இன்னும் மடிச்சுப் பக்கத்திலதான் வச்சிருக்கிறா.

உங்கட தங்கச்சி
றம்லத்


கம்பளை
1879 ஆகஸ்ட் 24

பாசமுள்ள தங்கச்சி றம்லத்துக்கு, நானா ஹலீம் ஸலாம்.

பதில் எழுதச் சுணங்கிட்டுது, கோவிக்காதே. கடையில ஆள் இல்ல, மூத்தவளுக்குக் கலியாணப் பேச்சு, முழங்கால் வேற. மாப்பிள்ளை கடுகண்ணாவைப் பக்கம், நல்ல குடும்பம். நீ ஒரு மாசம் முன்னாடியே வந்திடணும். மக்கீன் சொல்றதைப் பெரிசா எடுக்காதே, அவன் ஒரு வாயாடி.

மேல் தோட்டம் முழுக்கக் கோப்பி பட்டுப்போச்சு. தோட்டத்துத் துரை பூட்டிட்டார். பழனியாண்டிக் கங்காணி கூட்டத்தோட கடல் தாண்டி ஊருக்குப் புறப்பட்டிட்டார். பழைய பழக்கத்துக்கு, வழிக்கு அரிசி எல்லாம் நம்ம கடையிலதான் ஏத்தினார். போகும்போது கையைப் பிடிச்சு, "நீங்க நம்ம ஆளு மொதலாளி" எண்டார். கண் கலங்கிப் போச்சு எனக்கு.

மறுகா அந்தக் கூட்டத்தில திரும்பி வந்த ஒருத்தன் சொன்னான், மாத்தளை தாண்டி வடக்கு ரோட்டில வாந்திபேதி பிடிச்சிட்டாம். நாலைஞ்சு பேர் போயிட்டாங்களாம். அந்தத் தவுடுப் பிள்ளையும் அதில ஒண்டு. கூட்டம் நிக்க ஏலாதுதானே, ரோட்டோரம் வச்சிட்டுப் போயிட்டாங்களாம். அல்லாஹ்ட நாட்டம். இனி வழக்கும் இல்ல, ஒருத்தரிலும் குத்தமும் இல்ல. நீ ஓடித் திரிஞ்சு செய்ய வேண்டியதைச் செய்தாய், அதுக்குரிய நன்மை உனக்கு இருக்கு. அங்கம்மாவுக்குப் பக்குவமாச் சொல்லு.

நான் சொல்றதைக் கேள். இந்த முறை பிள்ளை இல்லாத பொம்பிளைகளாப் பார்த்து வேலைக்கு எடு. உனக்கும் நிம்மதி, வேலையும் நடக்கும்.

இந்த வண்டியில மாட்டுக்கு ஒரு மூட்டை தவிடு அனுப்பியிருக்கிறேன். நானா மறந்திட்டார் எண்டு சொல்லக்கூடாது பார். நல்ல தவிடு, கல் இல்ல.

என்றும் உன்ட நானா
ஹலீம்


கண்டி
1879 ஆகஸ்ட் 31

கம்பளை அரிசிக்கடை ஹலீம் முதலாளிக்கு, றம்லத் எழுதுவது.

தவிடு கிடைச்சது.

கடிதத்தை நான்தான் அங்கம்மாவுக்கு வாசிச்சேன். பக்குவமாச் சொல்ல எனக்குத் தெரியல்ல, எழுதியிருக்கிறபடியே வாசிச்சேன். அவள் அழல்ல. "நீங்கதான நாச்சியா கூப்பிடச் சொன்னீங்க. கூப்புட்டுருச்சு" எண்டா. கோவமாச் சொல்லல்ல, ஞாபகப்படுத்துற மாதிரிச் சொன்னா.

மறுகா முற்றத்து மூலையில உங்கட மூட்டையைக் கண்டா. அவிழ்த்து, தான் கோப்பி புடைக்கிற முறத்தால ஒரு முறம் அளந்து எடுத்து, பிள்ளைக்கு எண்டு வச்சிருந்த சாக்கில கட்டினா. எங்கே போறாய் எண்டு கேட்டேன். "தவுட்டத் திருப்பிக் குடுத்துட்டா புள்ளயக் குடுத்துத்தான ஆகணும்" எண்டா. பிள்ளை இல்லையடி எண்டு நான் கையைப் பிடிச்சேன். விலக்கிப்போட்டு மாத்தளை ரோட்டில நடந்திட்டா. பின்னால அனுப்பின ஆக்கள் அக்குறணை வரைக்கும் தேடிட்டு வந்தாங்க. திரும்பி வரல்ல.

முற்றம் நடக்குது. பிள்ளை உள்ள பொம்பிளைகளைத்தான் எடுப்பேன், அதில மாற்றம் இல்ல. ஆனால் அவளவள் தன்ட பிள்ளைக்குப் புதுசா ஒண்டு சொல்லிக் குடுத்திருக்கிறா. இப்போ இங்கே எல்லாப் பிள்ளையும் பெத்தவளை அக்கா எண்டுதான் கூப்பிடுது. பாலுக்கு அழும்போதும் அக்கா எண்டுதான் அழுது. அம்மா எண்டு கூப்பிடச் சொல்ல எனக்கு இனி வாய் இல்ல.

கலியாணத்துக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

மூட்டையை வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்புறேன். அதில ஒரு முறம் குறையும். அது அங்கம்மாட்ட இருக்கு.

றம்லத்
மர்ஹூம் முஹைதீன்ட பெஞ்சாதி